நிலக்கரியில் ஒளிந்திருக்கும் பைரைட்: கந்தகக் கனிமங்களுக்கான வெப்பப் பகுப்பாய்வு, படிப்படியாக

நிலக்கரித் தூளை அப்படியே தெர்மோபேலன்ஸில் (சூடாக்கிக்கொண்டே எடையை அளக்கும் தராசு) வைத்து, நைட்ரஜனில் சூடாக்கி, 500 டிகிரி செல்சியஸ் பக்கம் எடை வளைவில் ஓர் இறக்கம் தெரிந்ததுமே "பைரைட் சிதைவு" என்று எழுதிவிடும் அறிக்கைகள் நிறைய உண்டு. அந்த இறக்கத்தில் பைரைட் எனும் இரும்புச் சல்பைடுக் கனிமத்தின் பங்கு எவ்வளவு என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்குவது நல்லது.

அமெரிக்காவின் இல்லினாய்ஸ் 6ஆம் எண் அடுக்கு நிலக்கரியை எடுத்துக்கொள்வோம். ஆர்கோன் தேசிய ஆய்வுக்கூடம் ஆய்வாளர்களுக்காகத் தயாரித்த எட்டு ஒப்பீட்டு நிலக்கரிகளில் இதுவும் ஒன்று. உலர்நிலையில் இதன் மொத்தக் கந்தகம் 4.83%. அதில் பைரைட் கந்தகம் 2.81, கரிமக் கந்தகம் (நிலக்கரியின் கரிமப் பொருளோடு பிணைந்தது) 2.01, சல்பேட் கந்தகம் வெறும் 0.01. பைரைட் எடையில் 53.4% கந்தகம் என்பதால் 2.81ஐ 1.87ஆல் பெருக்கினால் போதும்: இந்த நிலக்கரியில் சுமார் 5.3% பைரைட். 10 மி.கி. மாதிரியில் அரை மி.கி. சொச்சம். நைட்ரஜனில் அது சிதையும்போது குறையும் எடை ஏறத்தாழ 0.12 மி.கி. அதே ஓட்டத்தில் நிலக்கரி தன் ஆவிப்பொருளாக விடுவது 4 மி.கி. அளவு. முப்பது மடங்குக்கு மேல் பெரிய சரிவுக்குள் இந்தச் சின்னப் படி எங்கே தெரியப்போகிறது?

கந்தகம் இவ்வளவு மிகுந்த நிலக்கரிக்கே இந்த நிலை. ஜாரியா, ராணிகஞ்ச் போன்ற கோண்ட்வானா நிலக்கரிகளில் மொத்தக் கந்தகமே பெரும்பாலும் 1%க்குக் கீழ். அசாமின் மாக்கும் பகுதி நிலக்கரியில் கந்தகம் தாராளம். ஆனால் அதில் பெரும்பகுதி கரிமக் கந்தகம், கனிமம் அல்ல. ஆகவே முதல் விதி இதுதான்: பச்சை (செறிவாக்காத) நிலக்கரியின் ஒற்றை வளைவை வைத்துக் கந்தகக் கனிமத்தைப் பற்றி எதுவும் சொல்லாதீர்கள். கனிமத்தைச் செறிவாக்க வேண்டும், இரண்டு வாயுச் சூழல்களில் ஓட்ட வேண்டும், வெளியேறும் வாயுவையும் பார்க்க வேண்டும். கீழே உள்ளதெல்லாம் இந்த மூன்றின் விரிவுதான்.

படி 1: எதைத் தேடுகிறோம்?

முதன்மையான ஆள் பைரைட்: ஓர் இரும்பு அணுவுக்கு இரண்டு கந்தக அணுக்கள், கனசதுரப் படிகம், அடர்த்தி 5 அளவு. அதே வேதியியல் அமைப்பு, வேறு படிக வடிவம் கொண்டது மார்க்கசைட். நெய்வேலியின் பழுப்பு நிலக்கரியிலும் இது கிடைக்கிறது. பைரைட்டே இரண்டு விதமாக இருக்கும். சில மைக்ரான் அளவுள்ள உருண்டைத் திரள்களாக நிலக்கரிக்குள்ளேயே புதைந்திருப்பது ஒன்று. பிற்காலத்தில் விரிசல்களில் படிந்த, கண்ணுக்கே மஞ்சளாக மின்னும் தகடுகள் இன்னொன்று. நிலக்கரியைக் கழுவினால் தகடு போய்விடும். உருண்டைத் திரள் அவ்வளவு எளிதில் போகாது. வெப்பத்தில் திரள் முன்னதாகவே வினைபுரியும், தகடு நிதானமாக. இதனால் ஒரே மாதிரியில் பைரைட்டின் உச்சம் அகன்றோ இரட்டையாகவோ வருவதுண்டு.

அடுத்தவை சல்பேட்டுகள். புதிதாக வெட்டிய நிலக்கரியில் இவை மிகக் குறைவு. குவித்து வைத்த கரியின் மேல் சில மாதங்களில் வெள்ளையாகப் பூத்து நிற்கிறதே, அது பெரும்பாலும் பைரைட் காற்றிலும் ஈரத்திலும் சிதைந்து உருவான நீரேறிய இரும்புச் சல்பேட். கூடவே ஜிப்சமும் (நீரேறிய கால்சியம் சல்பேட்), மஞ்சள் நிற ஜாரோசைட்டும் (பொட்டாசியம்-இரும்புச் சல்பேட்) வரலாம்.

படி 2: மாதிரியைக் கெடாமல் வைத்திருத்தல்

பெரும்பாலான தவறுகள் கருவிக்கு வெளியேதான் நடக்கின்றன. பைரைட் அறையில் கிடக்கும்போதே ஆக்சிஜனேற்றம் அடைகிறது. தூளாக இருந்தால் இன்னும் வேகமாக. எனவே அரைத்த மாதிரியை நைட்ரஜன் நிரப்பி மூடி, குளிரில் வையுங்கள். 105 டிகிரி அடுப்பில் காற்றில் உலர்த்துவது ஈரப்பத அளவீட்டுக்குச் சரி, இந்த வேலைக்குச் சரியில்லை. நைட்ரஜன் ஓட்டத்திலோ வெற்றிடத்திலோ 50 டிகிரிக்குக் கீழே உலர்த்துங்கள். ஜிப்சமும் இரும்புச் சல்பேட்டும் நீரை இழக்காமல் இருக்கவும் இது உதவும்.

212 மைக்ரானுக்குக் கீழ் அரைத்தால் வழக்கமான வேலைக்குப் போதும். பந்து ஆலையில் மணிக்கணக்கில் உருட்டினால் புதிய பரப்புகள் உருவாகி, பைரைட்டின் ஒரு பகுதி ஆலைக்குள்ளேயே சல்பேட்டாகிவிடும். கடைசியில் கருவிக்குள் போவது சில மில்லிகிராம்தான். அதனால் மாதிரியைக் கரண்டியால் மேலாக அள்ளாதீர்கள். பைரைட் கனமானது, பாட்டிலின் அடியில்தான் தங்கும். ரிஃபிள் பிரிப்பான் (தூளைச் சம பங்குகளாகப் பிரிக்கும் சாதனம்) கொண்டு பகுத்து எடுங்கள்.

படி 3: கனிமத்தைச் செறிவாக்குதல்

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. எது வேண்டும் என்பது உங்கள் கேள்வியைப் பொறுத்தது.

முதலாவது, கன திரவத்தில் மிதக்கவிட்டு மூழ்கியதைப் பிரிப்பது. புரோமோஃபார்மின் அடர்த்தி 2.89. நிலக்கரி, கயோலினைட் (களிமண் கனிமம்), குவார்ட்ஸ், கால்சைட் (கால்சியம் கார்பனேட்) எல்லாம் மிதக்கும், பைரைட் மூழ்கும். ஆனால் சிடெரைட் எனும் இரும்புக் கார்பனேட்டும் கூடவே மூழ்கிவிடும், அதன் அடர்த்தி 3.9 அளவு. இதை மறந்தால் பின்னால் நைட்ரஜன் ஓட்டத்தில் அவதிப்படுவீர்கள், ஏனென்றால் சிடெரைட் சிதைவதும் 500 முதல் 600 டிகிரிக்குள்தான். புரோமோஃபார்ம் நச்சுத்தன்மை உள்ளது, புகைக் கூண்டுக்கு வெளியே திறக்கக் கூடாது. சோடியம் பாலிடங்ஸ்டேட் கரைசல் பாதுகாப்பான மாற்று, அதை 3.1 அடர்த்தி வரை கொண்டுபோகலாம். ஒரு சிக்கல், அது நீர்க்கரைசல். நீரில் கரையும் இரும்புச் சல்பேட் அதில் கரைந்து போய்விடும். கால்சியம் கனிமங்களும் அதனுடன் வினைபுரியும். ஆக, பைரைட்டை மட்டும் தேடுபவர்களுக்கே அது.

இரண்டாவது, குறைவெப்பச் சாம்பலாக்கம். ஆக்சிஜன் பிளாஸ்மாவில் 150 டிகிரிக்கும் கீழே நிலக்கரியின் கரிமப் பகுதியை மெல்ல எரித்துக் கனிமங்களை மட்டும் மிச்சம் வைப்பது. 1960களில் இல்லினாய்ஸ் மாநிலப் புவியியல் ஆய்வுத் துறையில் குளஸ்கோட்டர் இதை நிலக்கரிக்குக் கொண்டுவந்தார். பைரைட் ஏறக்குறைய அப்படியே மிஞ்சும். எல்லாக் கனிமங்களும் ஒரே இடத்தில் கிடைக்கும். ஆனால் நாள் கணக்கில் நேரம் பிடிக்கும், நடுநடுவே தூளைக் கிளறிவிட வேண்டும். இன்னொன்றையும் கவனியுங்கள்: ஜிப்சம் இதில் தன் நீரில் முக்கால் பங்கை இழந்து பஸ்ஸனைட் எனும் வேறு கால்சியம் சல்பேட் கனிமம் ஆகிவிடும். கரிமக் கந்தகத்தின் ஒரு பகுதியும் கால்சியத்துடன் சேர்ந்து புதிதாகச் சல்பேட் ஆகலாம். பழுப்பு நிலக்கரியில் கால்சியம் கரிமப் பகுதியோடு பிணைந்திருப்பதால் இது அதிகம். அந்தச் சாம்பலில் சல்பேட் உச்சத்தைப் பார்த்து "மூல நிலக்கரியிலேயே சல்பேட் உண்டு" என்று முடிவு கட்டாதீர்கள்.

எந்த வழியானாலும் கிடைத்த செறிவை (கனிமம் செறிந்த தூளை) இரண்டு பங்காக்கி, ஒரு பங்கை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கொதிக்கவிடுங்கள். சல்பேட்டுகளும் கார்பனேட்டுகளும் கரையும். சிடெரைட் குளிர்ந்த அமிலத்தில் மெதுவாகத்தான் கரையும், கொதிக்க வைக்கச் சொல்வது அதனால்தான். பைரைட் கரையாது. நன்றாக நீரில் அலசி, பிறகு எத்தனாலில் அலசி, முன்பு சொன்னபடி உலர்த்துங்கள். கழுவாத பங்கு, கழுவிய பங்கு இரண்டையும் ஓட்டி ஒப்பிட்டாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். இவ்வளவு மலிவான உத்தியைப் பலர் ஏன் விட்டுவிடுகிறார்கள் என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.

படி 4: கருவியைத் தயார் செய்தல்

கிண்ணம் அலுமினாவாக இருக்கட்டும். பிளாட்டினம் வேண்டாம். சூட்டில் இரும்புச் சல்பைடும் கந்தக ஆவியும் அதைத் தாக்கிப் பாழாக்கும், பிளாட்டினம் விற்கிற விலையில் அது தாங்காது. அலுமினியக் கிண்ணம் 660 டிகிரியில் உருகிவிடும் என்பதால் டிஎஸ்சியில் (மாதிரி உறிஞ்சும், வெளிவிடும் வெப்பத்தை அளக்கும் கருவி) குறைந்த வெப்பநிலை ஓட்டங்களுக்கு மட்டும்.

வெப்பநிலையை இண்டியம் 156.6, துத்தநாகம் 419.5, அலுமினியம் 660.3 என்ற உருகுநிலைகளால் சரிபாருங்கள். எடையைச் சரிபார்க்கக் கால்சியம் ஆக்ஸலேட் மோனோஹைட்ரேட் போதும்: 12.3, 19.2, 30.1 சதவீதம் என மூன்று படிகள் வர வேண்டும். வெறும் கிண்ணத்தை அதே நிரலில் ஓட்டிக் கழித்துவிடுங்கள். சிறு மாதிரிகளில் வாயுவின் மிதப்பு விசையே ஒரு போலிப் படியைக் காட்டும்.

நைட்ரஜன் ஓட்டத்துக்கு ஆக்சிஜன் கசிவுதான் முதல் எதிரி. கொஞ்சம் கார்பன் பிளாக் வைத்து, முதலில் 700 டிகிரி வரை கொண்டுபோய், அங்கேயே அரை மணி நேரம் நிறுத்திப் பாருங்கள். எடை சீராக இறங்கிக்கொண்டே இருந்தால் கசிவு இருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் எடுக்கும் "நைட்ரஜன்" வளைவு உண்மையில் ஒரு மெல்லிய காற்று வளைவுதான்.

வெளியேறும் குழாய் குளிர்ந்திருந்தால் கந்தகம் அங்கே மஞ்சளாகப் படிந்து அடைத்துவிடும். மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டருக்கு (வாயு மூலக்கூறுகளை நிறையால் அடையாளம் காணும் கருவி) போகும் நுண்குழாயை 200 டிகிரியில் வைத்திருங்கள். தராசுப் பகுதிக்குள் கந்தக டைஆக்சைடு திரும்பிப் போகாதபடி காப்பு வாயு எப்போதும் ஓட வேண்டும்.

படி 5: நைட்ரஜனில் ஓட்டம்

5 முதல் 10 மி.கி. செறிவு, நிமிடத்துக்கு 10 டிகிரி, அறை வெப்பநிலையிலிருந்து 900 வரை. தொடங்கும் முன் அரை மணி நேரம் வாயுவால் நன்றாக அலசுங்கள்.

பைரைட் இங்கே பைரோடைட்டாகவும் (கந்தகம் குறைந்த இரும்புச் சல்பைடு) கந்தக ஆவியாகவும் பிரியும். ஓடும் வாயுவில் 500 முதல் 550க்குள் தொடங்கி 700க்குள் முடியும், வெப்பம் உறிஞ்சும் வினை. கந்தக ஆவி ஒரு வளிமண்டல அழுத்தத்தில் தேங்கி நின்றால் சிதைவு 690 டிகிரி அளவுக்குத் தள்ளிப்போகும். கிண்ணத்தை மூடி வைத்தால், தூளை ஆழமாக நிரப்பினால் உச்சம் ஏன் வலப்பக்கம் நகர்கிறது என்பதற்கு இதுதான் விடை. மெல்லிய படலமாகப் பரப்பி, மூடாமல் ஓட்டுங்கள்.

இப்போது ஒரு முக்கியமான இடம். பைரைட் முழுக்க இரும்பு ஒன்று, கந்தகம் ஒன்று என்ற விகிதத்துக்கு இறங்கினால் எடை இழப்பு 26.7%. ஏழுக்கு எட்டு விகிதப் பைரோடைட்டோடு நின்றால் 22.9%. எது நடந்தது என்பது வெப்பநிலையையும் வாயு ஓட்டத்தையும் பொறுத்தது. செறிவில் இந்தப் படி 13.7% என்று வைத்துக்கொள்ளுங்கள். 22.9ஆல் வகுத்தால் பைரைட் 60%, 26.7ஆல் வகுத்தால் 51%. ஒன்பது சதவீதப் புள்ளி வித்தியாசம், அதுவும் எச்சம் என்னவென்று பார்க்காததால் மட்டும். எனவே எச்சத்தை எக்ஸ்ஆர்டியில் (கனிமத்தை அடையாளம் காட்டும் எக்ஸ் கதிர் விளிம்பு வளைவுச் சோதனை) பார்த்தே தீர வேண்டும். ஏழுக்கு எட்டு விகிதப் பைரோடைட் காந்தத்தில் ஒட்டும், ஒன்றுக்கு ஒன்று விகிதத்தில் உள்ளது ஒட்டாது. சிறு காந்தத்தைக் காட்டிப் பார்ப்பது முதல் துப்பு தரும். தெர்மோபேலன்ஸின் கீழ் காந்தம் வைக்கும் வசதி இருந்தால், குளிரும்போது 320 டிகிரி அளவில் போலியான எடை மாற்றம் ஒன்று தெரியும், அதுதான் அந்தப் பைரோடைட்டின் கியூரி வெப்பநிலை, அதாவது அதற்கு மேல் காந்தத்தன்மை மறையும் எல்லை.

செறிவில் கரி மிச்சமிருந்தால் இந்தக் கணக்கு மேலும் இளகும். நிலக்கரி விடும் ஹைட்ரஜன் பைரைட்டின் கந்தகத்தை ஹைட்ரஜன் சல்பைடாக இழுத்துச் செல்லும். விடுபட்ட கந்தகத்தில் ஒரு பங்கைக் கரியே பிடித்து வைத்துக்கொள்ளும். கயோலினைட்டும் 450 முதல் 600க்குள் 14% நீரை விடும். அதைக் கண்டுபிடிப்பது எளிது: மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் நிறை 18 எழுகிறதா என்று பாருங்கள்.

மார்க்கசைட்டைப் பற்றி ஒரு வார்த்தை. 400 டிகிரிக்கு மேல் அது மெதுவாக, திரும்ப முடியாதபடி பைரைட்டாக மாறும். எடை மாறாது, வெளிவரும் வெப்பமும் சொற்பம். ஆகவே மார்க்கசைட்டையும் பைரைட்டையும் வெப்ப வளைவை வைத்துப் பிரிக்க முயலாதீர்கள். சூடாக்குவதற்கு முன்பே எக்ஸ்ஆர்டி எடுத்துவிடுங்கள்.

படி 6: காற்றில் ஓட்டம்

காற்றில் கதையே வேறு. 400 முதல் 550க்குள் பைரைட் எரிந்து ஹேமடைட் எனும் இரும்பு ஆக்சைடும் கந்தக டைஆக்சைடும் ஆகும். கிராமுக்கு 6.9 கிலோஜூல் அளவு வெப்பம் வெளிவரும். கோட்பாட்டு எடை இழப்பு 33.4%. இந்த வெப்பம்தான் தொல்லை. 10 மி.கி. தூய பைரைட்டை அப்படியே வைத்தால் மாதிரி உலையை முந்திக்கொண்டு தானே கொதித்தெழும். டிடிஏ வளைவு (ஒப்பீட்டுப் பொருளிலிருந்து மாதிரியின் வெப்பநிலை எவ்வளவு வேறுபடுகிறது என்று காட்டுவது) பின்னோக்கி வளையக்கூடக் கூடும். 2 மி.கி. போதும். அதையும் நன்கு சுட்ட அலுமினாத் தூளில் கலந்து, நிமிடத்துக்கு 5 டிகிரிக்கு மேல் போகாமல் ஓட்டுங்கள்.

எடை வளைவில் 33.4 சுத்தமாக வருவது அரிது. வினையின் நடுவே துகளின் மேல் இரும்புச் சல்பேட் படலம் உருவாகி, எடை சற்றே கூடி, பிறகு 600 முதல் 700க்குள் சிதைந்து இறங்கும். இந்தக் கடைசி இறக்கத்தை மூல நிலக்கரியின் சல்பேட் என்று நினைத்துவிடுவது வழக்கமான பிழை. அதே படி நைட்ரஜன் ஓட்டத்திலும் வந்தால் மட்டுமே சல்பேட் முன்பே இருந்ததாகச் சொல்லலாம். கால்சைட் மிச்சமிருந்தால் அது கந்தக டைஆக்சைடைப் பிடித்து அன்ஹைட்ரைட் (நீரற்ற கால்சியம் சல்பேட்) ஆக்கிவிடும். அன்ஹைட்ரைட் காற்றில் 1200 டிகிரி தாண்டித்தான் சிதையும், அந்தக் கந்தகம் உங்கள் கணக்கில் வராமலே போகும். அமிலம் கழுவிய பங்கு இங்கேதான் கைகொடுக்கும்.

பச்சை நிலக்கரியையே ஓட்ட வேண்டிய கட்டாயம் இருந்தால், ஆக்சிஜனை 10% ஆகக் குறைத்து, நிமிடத்துக்கு 3 டிகிரி என்ற மெதுவேகத்தில், டங்ஸ்டன் ஆக்சைடு தூளில் கலந்து ஓட்டும் முறை ஒன்று உண்டு. அதில் எடையை விட்டுவிட்டுக் கந்தக டைஆக்சைடு வெளிவருவதை மட்டும் பார்ப்பார்கள். எளிதில் ஆக்சிஜனேறும் கரிமக் கந்தகம் 300 டிகிரியை ஒட்டி முதலில் வரும், பைரைட் 430ஐ ஒட்டிப் பின்னால் வரும்.

படி 7: வெளிவரும் வாயு

இங்கே ஒரே ஒரு எச்சரிக்கைதான், ஆனால் பெரியது. நிறை 64 வந்தால் கந்தக டைஆக்சைடு என்று பழக்கத்தில் எழுதிவிடுவோம். நைட்ரஜன் ஓட்டத்தில் இரட்டைக் கந்தக மூலக்கூறுக்கும் அதே 64தான். 48ஐச் சேர்த்துப் பாருங்கள்: 48 கூடவே எழுந்தால் கந்தக டைஆக்சைடு, எழாவிட்டால் கந்தக ஆவி. 34 ஹைட்ரஜன் சல்பைடு, 60 கார்போனைல் சல்பைடு. எஃப்டிஐஆர் (அகச்சிவப்பு ஒளியால் வாயுவை அடையாளம் காணும் கருவி) வைத்திருப்பவர்கள் கவனிக்க: ஹைட்ரஜன் சல்பைடு அதில் மிக மங்கலாகத்தான் தெரியும், தனிமக் கந்தகம் தெரியவே தெரியாது. தெரியவில்லை என்பதற்காக இல்லை என்று எழுதக் கூடாது.

அளவு காண, தூய பைரைட்டைத் தெரிந்த எடையில் அலுமினாவில் கலந்து, அதே நிலைமையில் காற்றில் ஓட்டுங்கள். 1 மி.கி. பைரைட் 1.07 மி.கி. கந்தக டைஆக்சைடு தரும். உச்சத்தின் பரப்பளவை அதோடு ஒப்பிட்டு நேர்கோடு போடலாம்.

படி 8: சில்லறை உச்சங்கள்

ஜிப்சம் 100 முதல் 180க்குள் நீரை விடும், தூயதானால் 20.9%. இரும்புச் சல்பேட்டின் கடைசி நீர் மூலக்கூறு 200 முதல் 300 வரை பிடிவாதமாக நிற்கும். ஜாரோசைட் 400 தாண்டி ஹைட்ராக்சிலை நீராக விட்டு, 600க்கு மேல் கந்தக ஆக்சைடுகளை விடும். 700க்கு மேல் கால்சைட்டின் இறக்கம் வந்து தொந்தரவு செய்தால் ஒரு முறை கார்பன் டைஆக்சைடு சூழலில் ஓட்டுங்கள். கால்சைட்டின் சிதைவு 900 பக்கம் தள்ளிப்போய்விடும். நிலக்கரிக் கனிமங்களுக்கு இப்படி வாயுவை மாற்றி மாற்றி ஓட்டும் முறையை வளர்த்தவர்களில் ஆஸ்திரேலியாவின் நியூகாசில் பல்கலைக்கழகத்து வார்ன் முக்கியமானவர்.

வினைவேகக் கணக்குகள், செயலூக்க ஆற்றல் எல்லாம் கருவியின் மென்பொருள் ஒரு பொத்தானில் கொடுத்துவிடும். நிலக்கரியும் பைரைட்டும் கலந்த மாதிரியில் அந்த எண்ணுக்கு நான் மதிப்புத் தருவதில்லை. தூய பைரைட்டிலேயே துகள் அளவும் வாயு ஓட்டமும் மாறினால் எண் மாறிவிடுகிறது.

படி 9: வேதிமுறையோடு ஒப்பிடுதல்

ஐஎஸ்ஓ 157 அல்லது ஏஎஸ்டிஎம் டி2492 என்ற தர நிர்ணய வேதிமுறையில் அதே நிலக்கரியின் பைரைட் கந்தகத்தைக் கண்டுபிடியுங்கள். இவற்றில் சல்பேட்டை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் எடுத்துவிட்டு, பைரைட்டை நைட்ரிக் அமிலத்தில் கரைத்து, இரும்பை அளந்து கந்தகமாக மாற்றுவார்கள். உங்கள் வெப்ப ஓட்டம் செறிவின் மேல் நடந்தது, வேதிமுறை முழு நிலக்கரியின் மேல். எனவே செறிவு எத்தனை சதவீதம் கிடைத்தது, மிதந்த பகுதியில் எவ்வளவு கந்தகம் மிஞ்சியது என்ற இரண்டையும் கணக்கில் சேர்த்த பிறகே ஒப்பிட வேண்டும். இதில் குறைவெப்பச் சாம்பல் சௌகரியம், மிதந்த பகுதி என்று ஒன்று கிடையாது.

வெப்பமுறை எண் குறைவாக வந்தால் மாதிரி சேமிப்பில் கெட்டதா, கார்பனேட் கந்தகத்தைப் பிடித்ததா என்று தேடுங்கள். கூடுதலாக வந்தால் உடனே வெப்பமுறையைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. கரிக்குள் பொதிந்த நுண்ணிய பைரைட் உருண்டைகளை நைட்ரிக் அமிலம் எட்டாமல் விட்டுவிடுவதுண்டு. காற்று ஓட்டத்தில் சுற்றியுள்ள கரி எரிந்துபோவதால் அவையும் கணக்கில் வந்துவிடும். அப்படி விடுபட்டது வேதிமுறையில் கரிமக் கந்தகத்தின் தலையில் ஏறும், ஏனென்றால் அதை மொத்தத்திலிருந்து கழித்துத்தான் காண்கிறார்கள். நிலக்கரியை இன்னும் நுண்ணியதாக, நைட்ரஜன் சூழலில் அரைத்து, அமிலக் கரைப்பை மறுபடி செய்யுங்கள். பைரைட் எண் ஏறி, கரிம எண் அதே அளவு இறங்கினால் வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்பது தெரிந்துவிடும்.